பெண்கள், முப்பத்தைந்துக்கு மேல்

காலையில் சைக்கிளுக்குக் காற்றடிக்க உட்கார்ந்தேன். பின்சக்கரத்தில் நான் அடிக்க அடிக்க, அடித்த வழியே காற்று திரும்பி வந்துகொண்டிருந்தது. வால்வில் மாட்டும் ரப்பர் குழல், அந்த வால் டியூப், போய்விட்டது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து எவர்சில்வர் குங்குமச்சிமிழை எடுத்துத் திறந்தேன். குப்பென்று ரப்பர் வாசனை. உடனே நீ வந்துவிட்டாய்.

மற்ற வீடுகளில் குங்குமச்சிமிழில் குங்குமம் இருக்கும். என் வீட்டில் வால் டியூப் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டு, எழுபதைத் தாண்டியவளுக்கு இது அடுக்குமா என்று யாராவது கேட்டால் உன்னைத்தான் கைகாட்ட வேண்டும். நீ போய் ஒரு வருஷமாகிறது. கேட்கக்கூடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ ஜெயித்த சிமிழ்கள் நான்கு என்னிடம் இருக்கின்றன. மூன்று, நீ மெதுவாகப் போனதற்குக் கிடைத்தவை. ஒன்று, வேகமாகப் போனதற்கு. வால் டியூப் இருப்பது அந்த நான்காவதில்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எழுபதுகளின் தொடக்கம் அது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊரெல்லாம் யாரோடு யாருக்குப் பேச்சு என்று தெரிந்தும் தெரியாதது போல் உட்கார்ந்திருக்கும் வேலை. காலை ஷிப்டுக்கு வருவதற்குப் பஸ் கிடைக்காது. நீ மேலப்புதூரிலிருந்து சைக்கிளில் வருவாய். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி வருவேன். மாமியார் வீட்டில் சைக்கிளுக்கு அனுமதி வாங்கியதே பெரிய கதை. "ரிக்‌ஷாக்காரனோட தனியா வர்றதுக்கு இது தேவலை" என்று என் கணவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் அனுமதி கிடைத்தது. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசினால் அதில் ஒரு கணக்கு இருக்கும்.

அந்தக் காலத்தில் மாம்பழச்சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தாரே, நம் வட்டாரத்து விளையாட்டுக் கழகத்துக்கும் அவர்தான் செயலாளர். ஒவ்வொரு பொங்கலுக்கும் சைக்கிள் பந்தயம் நடத்துவார். பையன்களுக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒன்று. பெண்களுக்கும் உண்டு என்று போர்டில் எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் எலுமிச்சம்பழமும் ஸ்பூனும், மியூசிக்கல் சேர், அப்புறம் ஸ்லோ சைக்கிள். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே காலைத் தரையில் ஊன்றாமல், யார் எல்லோருக்கும் கடைசியாகப் போய்ச் சேருகிறாளோ அவளுக்குப் பரிசு. ஆண்கள் காவிரிப் பாலத்தில் பறந்துகொண்டிருக்கும்போது நாம் ஆரம்பப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருப்போம்.

நீ அதில் அசகாய சூரி. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டு, பெடலில் நின்றபடி, போகாமலே போவாய். மூன்று வருஷம் தொடர்ந்து உனக்குத்தான் பரிசு. மூன்று வருஷமும் குங்குமச்சிமிழ்.

"ஏண்டி, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற எனக்கு எதுக்குடி இது?" என்று என் கையில் திணித்துவிட்டுப் போவாய். மூன்றாவது சிமிழைக் கொடுத்த அன்று மட்டும் நீ சிரிக்கவில்லை. பாலத்தின் நடைபாதையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மெதுவாப் போனா சிமிழ் குடுக்கறாங்க. வேகமாப் போனா என்னதான் குடுப்பாங்கன்னு பாக்கணும்டி" என்றாய்.

நான் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். உன் பேச்சில் பாதி விளையாட்டு. எந்தப் பாதி என்பதுதான் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பின் பல பொங்கல்கள் கழித்துத்தான் காரியம் நடந்தது. எண்பதுகளின் ஆரம்பம். மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, ராஜகோபுர வேலை தொடங்கியிருந்த சமயம். நீ என்னையும் இழுத்துக்கொண்டு செயலாளரின் கடைக்குப் போனாய். அவர் நல்ல மனிதர்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ சொல்லி அனுப்பினார்.

"தாராளமா நடத்தலாம்மா. பதினாறு வயசுக்குள்ள இருக்கற பொண்ணுங்களுக்கு வெச்சுடுவோம். பாக்கவும் நல்லா இருக்கும்."

"பதினேழு ஆனா என்ன ஆகும்? சைக்கிள் கீழ தள்ளிடுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்து ஒரு யோசனை சொன்னார். "சரிம்மா. செல்வியருக்கு ஒண்ணு, திருமதியருக்கு ஒண்ணு. ரெண்டு பந்தயம். போதுமா?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நீ டீயைக் கீழே வைத்தாய்.

"எனக்கு முப்பத்தேழு வயசு. கல்யாணம் பண்ணிக்கல. அப்ப நான் காலேஜ் பொண்ணுங்களோட ஓட்டணும். பதினெட்டு வயசுல கல்யாணமானவ நாலு பிள்ள பெத்த அம்பது வயசு அம்மாவோட ஓட்டணும். கால்ல இருக்கற பலத்துக்கும் கழுத்துல இருக்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஆம்பளைங்களுக்கு வயசு பாத்துத்தானே பிரிச்சிருக்கீங்க. எங்களுக்கும் அப்படியே பிரிங்க."

"வயசக் கேட்டா எந்தப் பொம்பளைம்மா சொல்லுவா?" என்று அவர் சிரித்தார். பின்னால் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். இருபத்தைந்துக்குள், முப்பத்தைந்துக்குள், முப்பத்தைந்துக்கு மேல் என்று மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு பேராவது வர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிரிவு கிடையாது, அடுத்த வருஷமும் கேட்கக் கூடாது. மாம்பழச்சாலையில் தொடங்கி, திருவானைக்கோவில் வழியாகக் கொள்ளிடம் பாலம் தொட்டுத் திரும்ப வேண்டும். நீ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாய். பாவம், அதுவரை எந்தப் பெண்ணும் அவர் கையைக் குலுக்கியிருக்க மாட்டாள்.

முதல் இரண்டு பிரிவுக்கும் ஆள் தானாகச் சேர்ந்தது. மூன்றாவதற்கு ஆள் தேடி நாம் அலைந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் ஊரில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணே கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் முப்பத்திரண்டு. பேரன் எடுத்த ஒரு அம்மாவுக்கும் முப்பத்திரண்டு. "இவங்க பொறந்தப்பவே இவங்க பொண்ணுக்கு ரெண்டு வயசு ஆயிருக்கும்டி" என்றாய் நீ.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த மங்கை அக்காதான் முதலில் வந்தவர். உறையூரிலிருந்து ஆண்கள் சைக்கிளில், பின்னால் மூட்டையோடு, விடிகாலையில் மார்க்கெட்டுக்கு வருகிறவர். "வயசா? எனக்கென்ன தெரியும். எது வேணுமோ அதப் போட்டுக்க தாயி" என்றார். அவருடைய மூத்த மகனின் வயதை வைத்து, நாற்பத்து நான்குக்குக் குறையாது என்று நீ முடிவுகட்டினாய். அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸ் பாத்திமா. அவருக்கு வயதைச் சொல்வதில் எந்த வருத்தமும் இல்லை. "நாப்பத்தி ரெண்டு. அல்லா குடுத்ததுதானே, ஒளிச்சு வெச்சு என்ன பண்ணப் போறேன்" என்றார். திருவானைக்கோவிலிலிருந்து ஒரு டீச்சர், முப்பத்தொன்பது. உன்னோடு சேர்த்து நான்கு பேர். சரியாக நான்கு.

நீ என்னைக் கேட்கவே இல்லை. ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும்.

என் கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுத்தபோது என் அப்பா மூன்று வருஷத்தைக் குறைத்து எழுதிவைத்திருந்தார். நிஜ வயதைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளையைவிடப் பெண் ஒரு வயது பெரியவள் என்று ஆகியிருக்கும். கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா என் காதில் சொன்னாள், "வாயைத் திறந்துடாதே" என்று கடைசியில் சேர்த்து. எனக்கு முப்பத்தாறு. என் புக்ககத்தில் எனக்கு முப்பத்து மூன்று. என் பிறந்த நட்சத்திரத்துக்கு மாமியார் பெருமாளுக்கு அர்ச்சனை பண்ணும்போதெல்லாம் நான் பெருமாள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வேன். எக்ஸ்சேஞ்சில் சாப்பாட்டு நேரத்தில் இதை உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

"நீ முப்பத்தஞ்சுக்குள்ளயே நில்லு. ஒரு பந்தயத்துக்காகக் குடும்பத்துல கலகம் வேண்டாம்" என்று நீயாகவே சொன்னாய். அதற்காக உன்னை நான் எவ்வளவு நேசித்தேன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

புடவை செயினில் மாட்டும் என்று நான் புலம்பியதற்கு வழி சொன்னதும் நீதான். "உங்க வீட்டுல மாமிங்க ஒரு கட்டு கட்டுறாங்கல்ல, கால் தனித்தனியா வர்ற மாதிரி, அதக் கட்டிக்கிட்டு வா. பேண்ட்டு மாதிரிதானே இருக்கு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் நினைத்துப் பார்த்தால் மடிசாரைப் போல சைக்கிளுக்குத் தோதான உடுப்பு வேறு இல்லை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மடிசார் கட்டிக்கொண்டு நின்றபோது என் மாமியாருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். "இன்னிக்காவது நோக்கு இதெல்லாம் தோணித்தே" என்றார். நான் அந்தக் கட்டோடு சைக்கிளில் ஏறியதைப் பார்த்த பிறகு என்ன சொன்னாரோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாம்பழச்சாலையில் நல்ல கூட்டம். வேப்பமரத்தில் ஒலிபெருக்கி. என் கணவரும் வந்து டீக்கடை ஓரமாக நின்றார். அப்போதுதான் நாம் யோசிக்காமல் விட்ட ஒன்று நடந்தது. ஆண்கள் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டே, கோட்டுக்கு வருகிறவரின் பெயர், தெரு, வயது மூன்றையும் மைக்கில் சொல்லிக் கைதட்டச் சொல்வார்கள். "நாற்பத்தைந்து வயது காளை" என்றால் விசில் பறக்கும். செயலாளர் நமக்கும் அதே மரியாதையைச் செய்ய மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பெண் என்று ஒதுக்காமல் ஆணுக்குச் செய்வதை அப்படியே செய்கிறார். குறை சொல்லவும் வழியில்லை.

மங்கை அக்காவின் பெயரைச் சொல்லி நாற்பத்து நான்கு என்றார். கூட்டத்தில் சிரிப்பு. பாத்திமாவுக்கு நாற்பத்திரண்டு என்றார். "பாட்டி பந்தயம்டோய்" என்று யாரோ கத்தினார்கள். அடுத்து டீச்சர். அவரிடம் பயின்ற பிள்ளைகளே முன்வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. மைக்கை நீட்டியபோது, "முப்பத்து மூணு" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டாவது பிரிவில் போய் நின்றுகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எனக்கும் அதே முப்பத்து மூன்றுதான்.

"மூணு பேர்தான்மா ஆச்சு" என்று செயலாளர் உன்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கறவங்களோட சேத்துடறேனே. என்ன பெரிய வித்தியாசம்? எல்லாரும் ஓட்டத்தானே போறீங்க."

"இன்னைக்குச் சேத்தீங்கன்னா என்னைக்கும் சேந்தேதான் இருக்கும்ங்க. அடுத்த வருஷம் அந்தப் பிரிவே இருக்காது. அதுக்கப்புறம் நாங்க மறுபடி ஸ்லோ சைக்கிளுக்கு வரணும்." உன் குரல் நடுங்கியதை நான் அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். சட்டென்று அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாய்.

"எனக்கு முப்பத்தேழு வயசு. மேலப்புதூர். கல்யாணம் ஆகல, அதனால மாமியாருக்குப் பயமில்ல. எங்க ஊர்ப்பக்கம் மணப்பாறைச் சந்தையில மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாத்துத்தான் வயசு சொல்லுவாங்க. எங்ககிட்ட அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். கேட்டா நாங்களே சொல்லுவோம். இன்னும் ஒருத்தர் வேணும். முப்பத்தஞ்சத் தாண்டினவங்க யாராச்சும் இருந்தா வாங்க."

கூட்டம் சிரித்தது. கைதட்டவும் செய்தது. ஆனால் யாரும் வரவில்லை. முப்பத்தைந்துக்குள் என்ற வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் அவரவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நீ ஒரு தடவை பார்த்திருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்கும், நான் நின்ற இடத்திலேயே நின்றிருப்பேன். நீ பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கிளப்பியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நின்றேன். மைக்கை வாங்கிக்கொண்டேன். பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன்.

"வயசு முப்பத்தாறு."

என் குரல் வேப்பமரத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது. டீக்கடைப் பக்கம் பார்க்க தைரியமில்லை. கூட்டம் என்ன செய்தது என்று தெரியாது. செயலாளர் விசிலை எடுத்ததும், "நாலு பேர், நாலு பேர்" என்று மங்கை அக்கா கத்தியதும்தான் நினைவிருக்கிறது. கோட்டில் நின்றபோது நீ குனிந்து என் காதருகே சொன்னாய்.

"முப்பத்தேழு நல்லாத்தாண்டி இருக்கு. அடுத்த வருஷம் நீயே பாரு."

அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருவானைக்கோவில் திரும்புவதற்குள் மங்கை அக்கா கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார். வருஷக்கணக்காக மூட்டையோடு மிதித்தவருக்கு மூட்டையில்லாத சைக்கிள் சும்மா பறந்தது. நீ இரண்டாவது. பாத்திமா மூன்றாவது. நான் கொள்ளிடம் பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரே எருமைக் கூட்டம் வந்துவிட்டது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எருமை வந்தது நிஜம். அது வராவிட்டாலும் நான் நான்காவதுதான்.

பரிசு கொடுத்தார்கள். செயலாளர் பெண்களுக்கான பரிசுகளை எப்போதும் போல மொத்தமாக வாங்கி வைத்திருந்தார். நீ மேடையிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் நின்று கையை விரித்தாய். குங்குமச்சிமிழ்.

"வேகமாப் போனாலும் இதத்தாண்டி குடுக்கறாங்க!"

நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்க, மடிசார் அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு பாதியில் எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நீ என் முதுகில் கையை வைத்தபடியே இருந்தாய்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் தன் சைக்கிளை என்னோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா மண்டபம் தாண்டியதும், "நேக்குத் தெரியும்" என்றார்.

"எது?"

"உன் தம்பிக்கும் நோக்கும் நாலு வயசு வித்யாசம்னு உங்கம்மாவே ஒருநாள் பேச்சுவாக்கில சொன்னா. அவன் வயசு நேக்குத் தெரியாதா? கூட்டிப் பார்த்தேன்."

"ஏன் இத்தனை வருஷமா கேக்கல்லே?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். இப்படி மைக் வெச்சுச் சொல்லுவேன்னு எதிர்பாக்கல்லே" என்றார். அவ்வளவுதான்.

மாமியார் விஷயம் அத்தனை சுலபமாக முடியவில்லை. தை போய் மாசி முடிகிறவரை என்னோடு நேராகப் பேசவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். "பரம பாகவதர்னு நினைச்சிண்டிருந்தேன், ஜாதகத்தையே திருத்தியிருக்காரே மனுஷர்" என்று என் அப்பாவைப் பற்றிச் சுவரிடம் சொல்வார். எனக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் அடுத்த என் நட்சத்திரத்தன்று அர்ச்சனைக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று, "முப்பத்தேழு பொறக்கறது நோக்கு, கொஞ்சம் நிதானமா இருந்துக்கோ" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் நிஜ வயதுக்காக அந்த வீட்டிலிருந்து பெருமாளுக்குப் போன முதல் அர்ச்சனை அதுதான்.

அடுத்த வருஷக் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்காரிகளோடு ஓட்டித் தோற்றவர்கள் எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு எல்லாம் முப்பத்தைந்துக்கு மேல் வந்து நின்றது. திருச்சியிலேயே பெண்கள் வயதைக் கூட்டிச் சொல்லிய ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். டீச்சரும் வந்தார், நாற்பது என்று மைக்கில் அவரே அழுத்திச் சொன்னார், ஜெயித்தும் போனார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, நாற்பத்தைந்துக்கு மேல் என்று ஒரு பிரிவு கேட்டு நீ மறுபடி கடைக்குப் போனாய். அந்தப் பிரிவுக்கு மங்கை அக்கா ஒருத்தர்தான் இருந்தார். செயலாளர் தயங்கினார்.

"இருக்கட்டுங்க. கதவத் தொறந்து வெச்சாத்தானே யாராச்சும் வருவாங்க" என்றாய்.

மங்கை அக்கா தனியாக ஓட்டினார். பாலம் வரை போய், தனியாகத் திரும்பி வந்தார். ஊரே கைதட்டியது. பரிசாக உன் பிடிவாதத்தால் ஒரு காற்றடிக்கும் பம்ப் கொடுத்தார்கள். சிமிழ் அத்தோடு ஒழிந்தது.

பிறகு எல்லாம் மாறியது. எக்ஸ்சேஞ்சில் இயந்திரம் வந்து நம் வேலையை வாங்கிக்கொண்டது. செயலாளர் போனார், கழகமும் போனது. நீ ஓய்வு பெற்று, வையம்பட்டிப் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டாய். நான் இங்கே மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் கணவரைப் பார்த்துக்கொண்டேன். போன வருஷம் தவக்காலத்தில் உன் தங்கை கூப்பிட்டு, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். மணப்பாறையில் பஸ் நின்றபோது உனக்கு முறுக்கு வாங்கினேன். உன்னால் இனி முறுக்கைக் கடிக்க முடியாது என்று நினைக்கத் தோன்றவில்லை எனக்கு.

கட்டிலில் நீ பாதியாகி இருந்தாய். முறுக்கை வாசனை பார்த்துவிட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாய்.

"இன்னும் ஓட்டுறியாடி?"

"தெருவுக்குள்ள மட்டும். ரொம்ப மெதுவா."

"அட, இப்ப வந்து மெதுவா ஓட்டுறியா? இப்ப யாரும் சிமிழ் தரமாட்டாங்களே" என்றாய். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. கிளம்பும்போது என் கையை விடவில்லை. "எந்தப் பிரிவுக்கும் ஆள் கொறையக் கூடாதுடி" என்றாய். மருந்து மயக்கம் என்று உன் தங்கை நினைத்தாள். எனக்குத் தெரியும், அது மயக்கம் இல்லை.

இதையெல்லாம் இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் பந்தயம். பிரிவுகள் என்று போட்டு, இருபதுக்குள்ளிலிருந்து எழுபதுக்கு மேல் வரை வரிசையாக எழுதியிருந்தது. நீ பார்க்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பேனருக்குக் கீழே மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாம் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது நமக்கு இருந்த வயதுதான் இருக்கும்.

"உங்க பொண்ணுக்காம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கு."

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். வயதைக் கேட்கத் தயங்கினாள். நானே சொன்னேன். பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாண வீட்டிலும், கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், நிஜ வயதை உரக்கச் சொல்லும் பழக்கம் அந்த வேப்பமரத்தடியிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அது ஒன்றுதான் நீ எனக்கு விட்டுப்போன சொத்து.

"அம்மா, எழுபதுக்கு மேல இதுவரைக்கும் நீங்க ஒருத்தங்கதான். அறுபதுக்கு மேல இருக்கறவங்களோட சேத்துடட்டுங்களா? துணையா இருக்குமே" என்று அவள் அக்கறையோடுதான் கேட்டாள்.

"சேக்காதேம்மா. இருக்கட்டும். கதவு தொறந்திருந்தாத்தான் யாராவது வருவா."

சொன்ன பிறகுதான் அது உன் வார்த்தை என்று உறைத்தது. அங்கேயே கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

புது வால் டியூப் மாட்டிவிட்டேன். காற்று நிற்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. கட்டிக்கொள்ள மடிசார் எடுத்து வைத்திருக்கிறேன். பெயரையும் தெருவையும் வயதையும் இவர்களும் மைக்கில் சொல்வார்களாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எழுபத்திரண்டும் நன்றாகத்தான் இருக்கிறதடி. கோட்டில் பக்கத்தில் நீதான் இல்லை.